வால் கூண்டிலிருந்து வந்த பதில்

நான் சொல்வதில் பாதி பொய் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஒருமுறை லிஃப்டில் ஒரு குதிரை நாலாவது மாடிக்குப் போனது என்று சொன்னேன். அது பொய். போனது மூன்றாவது மாடிக்கு.

ஆனால் இது நடந்தது. நடந்து இன்னும் முடியவில்லை.

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். கீழே இருட்டுக் குழிக்குள் நிற்கும்போது மேலே எங்கேயோ ‘டக்’ என்று கேட்டால், அது கதவா, சுவிட்சா, பொத்தானா என்று சொல்லிவிடுவேன். என் வாயை நம்ப வேண்டாம். காதை நம்பலாம். இந்தக் கதைக்கு அது போதும்.

என் அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, பெரிய யுத்தத்தில் குண்டுவீச்சு விமானத்தில் போனவர். ஏழு பேர் போகிற விமானம். ஆறு பேர் முன்னாலும் நடுவிலும் இருப்பார்கள். தாத்தா மட்டும் வாலில். வாலின் நுனியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஓர் ஆள், ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான் இடம். பின்பக்கம் பார்த்தபடி உட்கார வேண்டும். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தோம் என்பது மட்டும் தெரியும்.

ஒரு குளிர்கால இரவில் அந்த விமானம் குண்டு போடப் போயிற்று. போட்டது. திரும்பியும் வந்தது. தரையில் இறங்கி நின்றதும் பின்னால் போய்ப் பார்த்தார்கள். கூண்டின் கதவு திறந்திருந்தது. தாத்தா இல்லை. ரத்தம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணை நடந்தது. விமானம் நின்றதும் இறங்கி, இருட்டோடு இருட்டாக ஓடிப்போய்விட்டார் என்று முடிவு எழுதினார்கள்.

அம்மாவுக்கு அப்போது நாலு வயது. அன்றிலிருந்து அவளுக்கு ‘ஓடிப்போனவன் பொண்ணு’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அதே பெயர். கல்யாணப் பேச்சில் அதே பெயர். என் அப்பாகூடக் கோபம் வந்தால், “உங்க குடும்பத்துக்கு ஓட்டம் என்ன புதுசா?” என்பார். அம்மா பதிலே பேசமாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை என்று நாங்கள் நினைத்தோம். மரத்துப்போவது வேறு, வலிக்காமல் இருப்பது வேறு. இது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நாற்காலியில் உட்கார வைத்ததும் சொன்னாள்.

“டேய், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். எங்கப்பா எங்களை விட்டுட்டு ஓடினாரா, இல்லையா?”

“தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறே?”

“செத்துப் போகலாம்னு இருக்கேன். தெரியாம போக இஷ்டமில்ல.”

மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்கிற மாதிரி சொன்னாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

காணாமல்போன சிப்பாய்களைத் தேடுவதற்கென்று ஒரு துறை இருக்கிறது. மனு போட்டேன். ஒரு சின்னப் பெண் வந்து, பஞ்சுக் குச்சியால் அம்மாவின் வாய்க்குள் தடவி, ஒரு குப்பியில் அடைத்துக்கொண்டு போனாள். எங்கேயாவது எலும்பு கிடைத்தால் ஒத்துப் பார்ப்பார்களாம். “இத்தனை வருஷத்துல என் எச்சிலுக்கு இப்பத்தான் ஒரு மரியாதை வந்திருக்கு” என்றாள் அம்மா. அதற்கப்புறம் மாதக்கணக்கில் பதில் இல்லை.

சும்மா இருக்க முடியவில்லை. மற்ற ஆறு பேரின் குடும்பங்களைத் தேடக் கிளம்பினேன். அந்தப் படைப்பிரிவுக்கு ஒரு பழையவர்கள் சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. சங்கம் மட்டும் உயிரோடு இருந்தது. அங்கே ஆரம்பித்து, போன் மேல் போன் போட்டு, ஐந்து குடும்பங்களைப் பிடித்துவிட்டேன். ஆறாவது ஆள் கல்யாணமே செய்துகொள்ளாமல் போய்ச் சேர்ந்திருந்தார்.

முதலில் போனது விமானியின் மகன் வீட்டுக்கு. பல் டாக்டர். எழுபது வயதிலும் பல் பிடுங்குகிறார். மாடியில் வீடு, கீழே கிளினிக். கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்தேன். கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

விமானம் மேலே ஏற ஏற மூச்சுக்குக் காற்று இருக்காதாம். முகத்தில் குழாய் மாட்டிக்கொள்ள வேண்டும். குழாயில் பனி அடைத்துக்கொண்டால் ஆளுக்கு முதலில் கை மரத்துப்போகும். பிறகு தூக்கம் வரும். பிறகு சந்தோஷமாக இருக்கும். பிறகு செத்துப்போவார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

“அதனால எங்கப்பா கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் ஒவ்வொருத்தரையா கூப்பிடுவார். ‘முன்னாடி?’ ‘இருக்கேன்.’ ‘நடுவுல?’ ‘இருக்கேன்.’ கடைசியா ‘பின்னாடி?’ன்னு கேப்பார். உங்க தாத்தா வாயில பனி உறைஞ்சிருக்கும். பேச வராது. கையில ஒரு பொத்தான் இருக்கும். ரெண்டு தடவை அழுத்துவார். ‘இருக்கேன்’னு அர்த்தம்.”

“அந்த ராத்திரி?”

“அழுத்தினார் சார். எங்கப்பா சாகற வரைக்கும் இதைத்தான் சொன்னார். போகும்போதும் பதில் வந்தது. வரும்போதும் வந்தது. சக்கரம் தரையில நின்னப்புறம் ஒரு தடவை கூப்பிட்டாராம். அப்பவும் வந்தது.”

“விசாரணையில என்ன சொன்னார்?”

“அதையேதான். ஆறு பேரும் அதையேதான் சொன்னாங்க. உண்மை அதானே?”

உண்மைதான். அந்த உண்மைதான் என் தாத்தாவை ஓடுகாலி ஆக்கியது. விமானம் நின்றபிறகும் பதில் சொன்னவர் கூண்டுக்குள் இல்லை என்றால், ஓடிப்போயிருக்கத்தானே வேண்டும்? ஆறு பேரில் ஒருத்தர் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் என் அம்மா தலைநிமிர்ந்து நடந்திருப்பாள். உண்மை பேசுகிறவர்களால் வருகிற கஷ்டத்தை நான் என் மனைவியிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு.

மணி ஏழு. டாக்டர் கிளினிக்கை மூடக் கிளம்பினார். மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

“முன் ரூம்?”

“இருக்கேன்” என்றார் அவர் மனைவி.

“ஊசி ரூம்?”

“இருக்கேன் டாக்டர். என்னை வீட்டுக்கு விட்டா இருக்கமாட்டேன்” என்றாள் உதவிக்கு இருந்த பெண்.

“பின்னாடி?”

பதில் இல்லை. டாக்டர் சுவிட்சை அணைக்கவில்லை. நின்றார்.

டக்... டக்.

அணைத்தார்.

இருட்டில் கேட்டேன். “பின்னாடி யாருங்க?”

“யாரும் இல்லையே. பல் அச்சு அடுக்கி வச்சிருக்கோம்.”

“சத்தம் வந்ததே?”

“அதுவா? மரக்கதவு. குளிர்ல சுருங்கும்.”

“யாரும் இல்லாத இடத்தை எதுக்குக் கூப்பிடறீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எங்கப்பா கூப்பிடுவார். பழக்கமாயிடுச்சு.”

மரம் சுருங்கினால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். முனகி, இழுத்து, அப்புறம் ஒரு தரம் வெடிக்கும். இது அப்படி இல்லை. இது ஸ்பிரிங் வைத்த பொத்தான். ஒரு கட்டைவிரல் அழுத்தி, விட்டு, மறுபடியும் அழுத்தி, விட்டது.

தெருவுக்கு வந்தபோது என் வலது கட்டைவிரல் மரத்திருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது இன்ஜின் பார்த்துக்கொண்டவரின் பேரன். பேக்கரி வைத்திருக்கிறார். நேரம் தவறாத மனிதர். கடிகாரம் தப்பினாலும் அவர் தப்பமாட்டார். சரியாக ஆறு மணிக்கு, வாசலில் ஆள் நின்றாலும், ஷட்டரை இழுத்துவிடுவார். இழுப்பதற்கு முன்னால் குரல் கொடுத்தார்.

“கல்லா?” “இருக்கேன் அண்ணே.” “மாவு?” “இருக்கேன்.” “பின்னாடி?”

டக்... டக்.

“அது அடுப்பு. ஆறும்போது இரும்பு சத்தம் போடும்” என்றார், நான் கேட்காமலே.

குண்டு போட்டவரின் மகள் துணி வெளுக்கும் கடை நடத்துகிறாள். மூடுவது ஏழரைக்கு. அங்கே அது வெந்நீர்க் குழாய்.

“ஒரு நாளாவது கூப்பிடாம பூட்டியிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“ஒரே ஒரு தடவை. காய்ச்சல், பாதியில கிளம்பிட்டேன். மறுநாள் வந்து பார்த்தா பின் ரூம் மெஷின் கண்ணாடியில உள்பக்கம் பனி பூத்திருந்துச்சு.”

“உள்பக்கமா?”

“உள்பக்கம்தான்.” கொஞ்ச நேரம் இஸ்திரிப் பெட்டியையே பார்த்தாள். “ஏதோ தனியா விட்டுட்டுப் போன மாதிரி இருந்துச்சுண்ணே. அதுக்கப்புறம் விட்டதில்ல.”

வழி பார்த்துச் சொன்னவரின் பேத்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவளுடைய தாத்தா நட்சத்திரத்தைப் பார்த்து விமானத்தைத் திருப்பியவர். பேத்தி அவள் வீட்டுக்கு எனக்கு வழி சொல்லி, நான் இரண்டு தடவை சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் படுக்க வைக்கும்போது அவளும் கூப்பிட்டாள். அங்கேயும் வந்தது.

“பல்லி” என்றாள்.

“எத்தனை வருஷமா?”

“நான் சின்னப் பிள்ளையா இருந்ததிலேருந்து.”

“ஒரே பல்லியா?”

“பேரன் பல்லியா இருக்கும். விடுங்க மாமா, பிள்ளைங்க பயந்துக்கும்.”

பிள்ளைகள் பயப்படவில்லை. ‘பின்னாடி?’ என்றதும் இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. சத்தம் வந்ததும் திரும்பிப் படுத்து உடனே தூங்கிவிட்டன. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

கடைசியாக ரேடியோக்காரரின் மருமகன். இரண்டு காதும் கேட்காது. ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கும் முன்னால் அவரும், வீடு அதிரக் கத்தினார்.

“பின்னாடீ?”

கத்திவிட்டு, பின்சுவரில் உள்ளங்கையை வைத்தார். காத்திருந்தார். டக்... டக். தலையை ஆட்டினார். அணைக்கப் போனார்.

நானும் சுவரில் கையை வைத்தேன்.

“என்னங்க அது?” என்று கேட்டேன்.

“என்ன கேட்டீங்க?”

“அது என்னன்னு கேட்டேன்!”

“காது கேக்காது தம்பி” என்றார்.

சுவர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அது சாதாரணமாக இருந்தது.

அன்றிலிருந்து என் கட்டைவிரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை.

இந்த ஐந்து குடும்பமும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. ஒருவர் சத்தத்தைப் பற்றி இன்னொருவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்பாள் என் மனைவி.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

“அப்போ எல்லார் வீட்டுக்கும் போறார்.”

“அப்படித்தான் தெரியுது.”

“இங்க மட்டும் வரல.”

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஊரார் வீட்டுப் பிள்ளைங்களைத் தூங்க வைக்கிறார். பெத்த பொண்ணு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஓடிப்போனவர்தான்டா. சரியாத்தான் எழுதியிருக்காங்க.”

அப்போதும் அவள் முகத்தில் ஒன்றுமில்லை. போர்வையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். என் மனைவிதான் சமையலறையிலிருந்து வந்து சொன்னாள்.

“அத்தை, அங்கல்லாம் கூப்பிடறாங்க. நாம என்னைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கோம்?”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு அப்பான்னு கூப்பிட்ட ஞாபகமே இல்லடி” என்றாள்.

வெள்ளிக்கிழமை கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அம்மா எட்டு மணிக்குப் படுப்பவள். அந்த நேரமே போதும் என்றாள்.

நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். வீட்டில் சத்தம் போடக்கூடிய எல்லாவற்றையும் நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். தண்ணீர்க் குழாயை மூடினேன். பின் பால்கனியில் துணி துவைக்கும் மெஷினின் வயரைப் பிடுங்கினேன். ஒரு பல்லி இருந்தது. துடைப்பத்தால் மரியாதையாக வெளியே அனுப்பினேன். ஃப்ரிட்ஜையும் அணைத்தேன்.

“பால் கெட்டுப்போனா உங்க தாத்தாவா வாங்கித் தருவார்?” என்றாள் என் மனைவி.

“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

ஏழு ஐம்பத்தைந்து. அம்மா முன் அறையில், ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நடை. நடையின் முடிவில் பால்கனிக் கதவு. பூட்டியிருந்தது. பூட்டியது நான். சாவி என் பையில்.

நான் வாசல் பக்கம் நின்றேன். மனைவி சமையலறையில். நடை விளக்கு மட்டும் எரிந்தது.

“நான்தான் கூப்பிடுவேன்” என்றாள் அம்மா.

எட்டு மணி.

“முன்னாடி?”

“இருக்கேன்” என்றேன்.

“சமையக்கட்டு?”

“இருக்கேன் அத்தை.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பின்னாடி?”

...

ஒன்றுமில்லை.

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எனக்குத் தெரிந்த சத்தங்கள். எல்லாவற்றையும் காதால் ஒதுக்கிக்கொண்டே வந்தேன்.

ஒரு நிமிடம் இருக்கும். அம்மா திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயதுப் பிள்ளையின் குரலில் மறுபடி கேட்டாள்.

“பின்னாடி... அப்பா?”

அம்மாவின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

மூச்சு.

அறைக்குள்... குளிர்.

டக்...

டக்.

பால்கனியிலிருந்து இல்லை. நடையிலிருந்து இல்லை. அம்மாவின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து. முதுகோடு முதுகு ஒட்டி யாரோ உட்கார்ந்திருக்கிற தூரம்.

அங்கே யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணைச் சிமிட்டவில்லை.

“எங்களை விட்டுட்டு ஓடினீங்களா?” என்றாள் அம்மா.

சத்தமில்லை.

“ஓடினீங்களா? சொல்லுங்க.”

சத்தமில்லை.

அம்மா ஒரு கணம் இருந்தாள். பிறகு மெதுவாக, “பின்னாடி?”

டக்... டக்.

“ஓடினீங்களா?”

சத்தமில்லை.

“பின்னாடி?”

டக்... டக்.

அதற்கு மட்டும்தான்.

வேறு எதற்கும் இல்லை.

அம்மா கையைத் தூக்கி என்னைப் பார்த்து ‘போதும்’ என்று காட்டினாள்.

“இந்த ஒரு பேச்சுதான்டா அவருக்கு இருக்கு. கேட்டியா? இருக்கேன், இருக்கேன்னு சொல்றார். இருக்கேன்னு சொல்றவர் எங்கடா ஓடியிருப்பார்?” என்றாள். “விளக்கை அணை.”

அணைத்தேன். அவள் உடனே தூங்கிவிட்டாள். வேன்காரியின் பிள்ளைகளைப் போல.

நாற்காலியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். காது கேட்காதவர் வீட்டுச் சுவரைப் போலவே இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் எட்டு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். தினமும் வந்தது. நாலைந்து நாளில் எனக்கும் பயம் விட்டுப்போனது. பயம் போனதா, மரத்துப்போனதா, தெரியாது. ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட்டோம்.

அடுத்த வியாழக்கிழமை துறையிலிருந்து போன் வந்தது. ஓர் அதிகாரி. தணிந்த குரல்.

“ஐயா, உங்க அம்மாவோட மாதிரி ஒத்துப்போச்சு. உங்க தாத்தா எங்ககிட்டதான் இருக்கார்.”

“எங்க கிடைச்சார்?”

“கடல் தாண்டி, ஒரு சதுப்புல. வாய்க்கால் தோண்டினப்போ. நம்ம நாட்டுச் சீருடைங்கறதால இங்க அனுப்பிட்டாங்க. பதினோரு வருஷமாச்சு. யாருன்னு தெரியாம இருந்தார்.”

“எப்படி...”

“விழுந்திருக்கார் ஐயா. கூண்டுக் கதவு திறந்து, உயரத்துலேருந்து. ஓடிப்போனார்ங்கறதை ரத்து பண்ணிடுவோம். தாள் வீட்டுக்கு வரும்.”

“இறங்கும்போது விழுந்தாரா?”

“இல்லையே. அந்தச் சதுப்பு, குண்டு போடப் போன வழியில இருக்கு. வந்த வழி வேற. அந்தப் பக்கம் அவங்க ஒரே தடவைதான் பறந்தாங்க. போகும்போதே விழுந்துட்டார்.”

“அங்கேருந்து திரும்பி வர எவ்வளவு நேரம்?”

“நாலு மணி நேரம் இருக்கும். ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்” என்றேன்.

“இன்னொண்ணு ஐயா. தோல் கையுறை மட்கல. வலது கை அப்படியே இருந்தது. உள்ளே ஒரு பொத்தானைப் பிடிச்சிருந்தார். கட்டைவிரல் அது மேலயே இருக்கு. கம்பி அறுந்து ஒரு முழம் தொங்குது.”

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “ஓடலம்மா. விழுந்துட்டார். போகும்போதே.”

“தெரியும்” என்றாள். கொஞ்சம் கழித்து, “அப்போ வரும்போது பதில் சொன்னது?”

நான் தரையைப் பார்த்தேன்.

“சரி, விடு” என்றாள். “போய்க் கூட்டிட்டு வா. அங்க குளிரும்.”

மறுநாள் கிளம்பினோம். என் கட்டைவிரல் இப்படி இருப்பதால் மனைவிதான் காரை ஓட்டினாள். கையெழுத்தெல்லாம் முடிய மாலையாகிவிட்டது. ஒரு செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. காவலாளி தூக்கிக்கொண்டு வந்து, நான் காரில் உட்கார்ந்ததும் என் மடியில் வைத்தார். வைத்தவர் கையை உடனே எடுத்து, சட்டையில் தேய்த்துக்கொண்டார்.

போகாமல் நின்றார்.

“ஒண்ணு கேக்கலாமா சார்? தப்பா நினைக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“வீட்டுல ராத்திரி இந்தப் பெட்டியை எங்க வைப்பீங்க?”

“ஏன்?”

அவர் கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பதினோரு வருஷமா நான் சாயங்கால ஷிஃப்ட். இது வந்த நாள்லேருந்து, உள்ளேருந்து ஒரு சத்தம் வரும். டக் டக்னு. தினமும் அஞ்சு தடவை. மொதல்ல ஆறு மணிக்கு. அப்புறம் ஏழு. ஏழரை. ஒன்பது. ஒன்பதரை. நான் யார்கிட்டயும் சொல்லல. வேலை போயிடும்.”

என் மனைவி காரைக் கிளப்பவில்லை.

“அஞ்சுக்குப் பழகிட்டேன் சார். ஆனா போன வெள்ளிக்கிழமையிலேருந்து ஆறு தடவை வருது.”

“புதுசா எப்போ?”

“எட்டு மணிக்கு” என்றார். “அன்னிக்கு எட்டு மணிக்கு மட்டும், நான் கதவைத் திறந்துட்டு ஓடற வரைக்கும், விடாம மூணு தடவை.”

அவர் போய்விட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு என் மடியைப் பார்த்தாள்.

“என்னங்க... மணி என்ன?”

பார்த்தேன்.

ஐந்து ஐம்பத்தெட்டு.

பேக்கரிக்காரர் நேரம் தவறாதவர்.